சிவந்துபோன மஞ்சள்

“அப்பா, சவுக்காரம் கண்ணுக்குள்ளை போனால் காருக்கு எரியாதோ?”

ஆறு வயது யதுர்ஷா கேட்டபோது குகநேசன் தேய்ப்பதை நிறுத்தியிருந்தார். வெள்ளைக் காரின் முன்மூடியில், இரண்டு விளக்குகளுக்கும் நடுவே, அவருடைய மனைவி யோகராணி மஞ்சளால் எழுதிய ஓம் இருந்தது. அதில் பச்சைச் சோப்பைப் போட்டுத் தேய்த்த இரண்டாவது நிமிடம் மஞ்சள் இரத்தச் சிவப்பாகியிருந்தது.

“ஆரத்தித் தண்ணி மாதிரிக் கிடக்கு,” என்றாள் யதுர்ஷா.

ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி. நோர்வேயின் மோர்டென்ஸ்ருட் தொடர்மாடிக்கு முன்னால் உள்ள கார் தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லை. முதல்நாள் மாலைதான் குகநேசன் தம் வாழ்க்கையின் முதல் காரை வாங்கிக் கொண்டுவந்திருந்தார். விடியற்காலை இருட்டில் வேலைக்குப் போகுமுன் யோகராணி இறங்கிவந்து, டப்பாவில் இருந்த மஞ்சள் முழுவதையும் குழைத்து, ஓம் எழுதிக் குங்குமம் வைத்து, நான்கு சில்லுகளுக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, கண்மூடிக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

எதிர்வீட்டு இளமாறன் பால் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். கோயம்புத்தூரிலிருந்து கணினி வேலைக்காக வந்தவர்.

“என்னண்ணா இது, ஆக்ஸிடென்ட்டா?”

“மஞ்சள், தம்பி. சவுக்காரம் போட்டனான், சிவந்திட்டுது.”

இளமாறன் சோப்புப் போத்தலை எடுத்து மணந்து பார்த்தார். “இது தரை துடைக்கிற சோப்பு. காரம் ஜாஸ்தி. மஞ்சள்ல பட்டா சிவக்கத்தான் செய்யும். பெயிண்ட் மேல இருக்கிற மெழுகையும் சேர்த்து எடுத்துடும்.”

“எல்லாத்துக்கும் நல்லது எண்டு போத்தலிலை எழுதியிருக்கு.”

“எழுதினவர் மஞ்சள் பூசியிருக்க மாட்டார். பாத்திரம் கழுவுற சோப்பும் வேண்டாம், காருக்குன்னு தனி ஷாம்பூ இருக்கு. பேசாம கார் வாஷுக்கு எடுத்துட்டுப் போயிடுங்களேன்.”

“அது ஏலாது.”

இளமாறன் குனிந்து சில்லுகளைப் பார்த்தார். “அட, ஒரு பழம்கூட நசுங்கலையே. சாமி கும்பிட்டதும் வண்டியை மேல ஏத்தணும்ல? எங்க ஊர்ல அதான் பழக்கம்.”

“எங்கடை ஊரிலையும் அதுதான். கார் இன்னும் அசையேல்லை. தம்பி, நிண்டு கதைக்க நேரமில்லை. சனிக்கிழமையிலை ஹெல்கா பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்திடுவா.”

ஹெல்கா அந்தத் தொடர்மாடியின் நிர்வாகக் குழுத் தலைவி. ‘இங்கே கார் கழுவக் கூடாது’ என்ற அறிவித்தலை வாசற்கதவில் ஒட்டியவரும் அவரே. பெயரைக் கேட்டதும் இளமாறன் ஓடிப்போய்த் தம் வீட்டிலிருந்து ஷாம்பூவும் இரண்டு வாளிகளும் கம்பளிக் கையுறையும் கொண்டுவந்தார்.

“ஒரு வாளி நுரைக்கு, இன்னொண்ணு கிளவுஸை அலசறதுக்கு. அழுத்தாதீங்க, கோடு விழும். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டற மாதிரி செய்யுங்க.”

“இது கண்ணெரியாத சவுக்காரமோ மாமா?”

“எரியாதும்மா.”

குகநேசன் முருகனை நினைத்துக்கொண்டு மெதுவாகத் துடைத்தார். சிவப்பு மறுபடி மஞ்சளானது. மஞ்சள் வெளிறியது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கார் பால்போல வெள்ளையாக நின்றது.

“சூப்பர். உட்கார்ந்து ஒரு ரவுண்ட் போயிட்டு வாங்கண்ணா.”

“போகேலாது, தம்பி,” என்றார் குகநேசன். “இது ஹெல்காவின்ரை கார்.”

இளமாறன் கையிலிருந்த வாளி அவர் சப்பாத்தின் மேலேயே கவிழ்ந்தது.

“எங்கடையும் வெள்ளை, இதே மாதிரித்தான். குப்பைக் கொட்டிலுக்குப் பின்னாலை விட்டனான். மனுசி இருட்டுக்கை கார் மாறிப் பூசிப்போட்டா. இன்னும் அவவுக்குச் சொல்லேல்லை. கேட்டால் வேலையிடத்திலை நிண்டு அழுவா.”

எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கிக்கொண்டு மூவரும் குப்பைக் கொட்டிலுக்குப் பின்னால் போனார்கள். அங்கே போனதும் அப்படியே நின்றார்கள்.

குகநேசனுடைய காரின் முன்மூடியிலும் மஞ்சள் நிறத்தில் ஓர் ஓம் இருந்தது. அதன் வால் மறுபக்கம் திரும்பியிருந்தது. கீழே சிவப்பாக ஒரு பொட்டு. நான்கு சில்லுகளுக்கு முன்னாலும், கழுவித் துடைத்த ஒவ்வொரு உருளைக்கிழங்கு.

யதுர்ஷா விரலால் தொட்டு நக்கினாள். “இது சென்னெப், அப்பா. சொசேஜுக்குப் பூசுற கடுகு. பொட்டு கெச்சப்.”

கண்ணாடித் துடைப்பானில் ஒரு கடிதம் செருகியிருந்தது. குகநேசன் நோர்வேஜிய மொழியில் இருந்ததை மெல்லத் தமிழாக்கி வாசித்தார்.

‘உங்கள் மனைவி என் காருக்காகக் கும்பிடுவதைக் காலையில் யன்னலால் பார்த்தேன். என் கணவர் இறந்தபின் நான் பத்திரமாகப் போய்வர வேண்டுமென்று ஒருவரும் அப்படி நின்றதில்லை. யாரும் எழும்புமுன், நேற்று நீங்கள் கொண்டுவந்த காருக்கு நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன். எலுமிச்சம்பழம் இருக்கவில்லை, மன்னிக்கவும். காரை எடுத்தால் நீங்கள் வைத்த பழங்கள் நசுங்கிவிடும் என்பதால் இன்று ரயிலில் போகிறேன். ஹெல்கா.’

யதுர்ஷா மறுபடி விரலை நக்கினாள்.

“அப்பா, கெச்சப்புக்கு எந்தச் சவுக்காரம் போடுறது?”

குகநேசன் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கையிலிருந்த பழங்களைப் பார்த்தார். தூரத்தில் பளபளவென்று நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தார். ரயில் நிலையத்துக்குள் ரயில் நுழையும் சத்தம் கேட்டது.

“தம்பி, உங்கடை வீட்டிலை மஞ்சள் கிடக்கோ?”