மெர்வ் ஊத வேண்டிய இடம்

ஆஸ்திரேலியாவின் சுரங்க ஊரான செஸ்நாக்கில், பாடகி நோரீன் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் மத்தியான வெக்கை இறங்காமல் நிற்கிறது. வெகுகாலமாகச் சேர்ந்து வாசிக்கும் நான்கு பேரும் புது ஆல்பத்துக்காக ஒரு பாட்டைப் பதிவு செய்கிறார்கள். எலெக்ட்ரிக் கித்தாரின் உறுமலில் தகரம் அதிர்கிறது. மெர்வ் மவுத் ஆர்கனை வாயில் வைத்து பாட்டின் நடுவே வரும் நீண்ட சுரத்தை இழுக்கிறார். பாதியிலேயே அது அறுந்து இருமலாகிறது. சுரங்கத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் உள்ளே போன நிலக்கரித் தூசி அது. கித்தார் வாசிக்கும் டாரில் சட்டென்று கை தூக்குகிறார்.

"நிறுத்துங்கப்பா, என் கம்பி சுருதி எறங்கிடுச்சு."

இறங்கவில்லை. காலையிலிருந்து மெர்வ் இருமும்போதெல்லாம் இதையேதான் சொல்கிறார். நோரீன் மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"டேய் டாரில், பொய் சொல்லக்கூட ஒனக்குத் தாளம் வரலடா," என்கிறார் மெர்வ். டிரம் வாசிக்கும் கிளைவ் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொள்கிறார்.

"நான் இல்லாமலே எடுங்க," என்கிறார் மெர்வ். "ஆனா என் எடத்துல வேற எவனையும் ஊத வைக்காதீங்க. காலியா விட்டுருங்க."

"சரி மெர்வ்," என்கிறாள் நோரீன்.

பாட்டு மறுபடி தொடங்குகிறது. அவர் ஊத வேண்டிய இடம் வந்ததும் நோரீன் பாடுவதை நிறுத்துகிறாள். டாரில் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிக்கொள்கிறார். டிரம் மட்டும் தனியாக நடந்து போகிறது. பதிவில் இருமல் விழுந்துவிடக் கூடாதென்று, மெர்வ் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்.