பதினோரு வரிசை

பதினான்கு வருடம் தையற்கடையில் பட்டன் தைத்தவள், அன்று காலை ஒரு மருத்துவமனையின் கணினி முன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள்.

வலைப்பக்கம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை என்று விளம்பரம். தேர்வுக்கு அழைக்கப்பட்டவர்கள் ஐந்து பேர். எல்லோரும் பெண்கள், எல்லோரும் அவளைப் போல இப்போதுதான் படித்து முடித்தவர்கள்.

மேலாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அவளுக்கு வந்தது கண் பிரிவு. மருத்துவர் பெயர், கிழமை, நேரம், அறை எண்.

"இதை அப்படியே டேபிளா போடுங்கம்மா. அவசரமே இல்ல. ஒரு கட்டம்கூட தப்பாயிடக் கூடாது."

வலைப்பக்கம் செய்யப் படித்த மூன்று வார வகுப்பு விரல் நுனியில் இருந்தது. வரிசைக்கு டிஆர் என்ற குறி. அதற்குள் கட்டத்துக்கு டிடி. தலைப்புக் கட்டமென்றால் டிஎச். திறந்ததையெல்லாம் மூட வேண்டும் என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

ஒரு மருத்துவர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார். அவர் பெயரை மூன்று முறை அடிக்காமல், ரோஸ்பேன் கொடுத்து ஒரே கட்டத்தை மூன்று வரிசைக்கு நீட்டினாள். வகுப்பில் பாதிப் பேருக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை.

பதினோரு வரிசை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முறை சரிபார்த்தாள்.

மேலாளர் குனிந்து பார்த்தார். "பிரமாதம்மா. சொல்லி அனுப்புறோம்."

நான்கு நாள் ஆகியும் ஒரு தகவலும் இல்லை. தேர்வுக்கென்று விடுப்பு கேட்ட அன்றே தையற்கடைக்காரர் அவள் நாற்காலியில் வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டார். "இருந்ததும் போச்சா?" என்று கணவன் கேட்டான்.

ஐந்தாம் நாள் மனசு கேட்காமல் அவனுடைய கைபேசியில் மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்தாள்.

கண் பிரிவு. பதினோரு வரிசை. அவள் நீட்டிய கட்டம் நீட்டியபடியே, ஊர் பார்க்கும் இடத்தில்.

"இங்க வாங்களேன்! இது நான் போட்டது! என்னைத்தான் எடுத்திருக்காங்க!"

அவன் ஈரக்கையைத் துடைத்தபடி வந்தான். கட்டம் கட்டமாகப் பார்த்தான். இத்தனை வருடத்தில் அவள் செய்த எதையும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு பக்கத்தை மெல்லக் கீழே தள்ளினான்.

எலும்பு. தோல். பல். குழந்தைகள் நலம்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. ஒன்றில் கோடு தடிப்பு. ஒன்றில் கோடே இல்லை. ஒன்றில் ஒரே மருத்துவரின் பெயர் நான்கு முறை.

அதற்கும் கீழே இதயம், நரம்பு, காது மூக்கு தொண்டை என்று வெறும் தலைப்புகள். எல்லாவற்றுக்கும் நேராக 'விரைவில்'.

பக்கத்தின் அடியில் இருந்ததை அவன் எழுத்துக் கூட்டுகிறவனைப் போல நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"வலைப்பக்கம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவை. தேர்வு திங்கட்கிழமை காலை. புதிதாகப் படித்தவர்களே போதும்."