மூடியில் வெட்டிய பெயர்

வட்டார வரலாறு எடுக்கும் ஆசிரியர்களுக்கு வருஷா வருஷம் பயிற்சி உண்டு. மூன்று மணி நேரம் தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், புதுப் பாடம் ஏறிவிடும். புத்தகத்திலிருந்து எதை நீக்கினார்களோ, அதைச் சேர்ந்த அத்தனையும் டீச்சர் மண்டையிலிருந்தும் போய்விடும்.

இந்த வருஷம் நீக்கியது உப்பளப் போராட்டத்தை. அதில் குண்டடிபட்டுச் செத்தவர்களில் ஒருவர் அமலி டீச்சரின் அப்பா.

பயிற்சிக்கு வராவிட்டால் வேலை போய்விடும். அதனால் முந்தின நாளே பாத்திரக்கடைக்கு ஓடி, டிபன் பாக்ஸ் மூடியில் வெட்டச் சொன்னாள்: "என் அப்பா சூசை. உப்பளத்தில் சுட்டுக் கொன்றார்கள்."

காலையில் பக்கத்து நாற்காலி ஜோதிராஜிடம் அதைக் காட்டினாள். "முடிஞ்சதும் எனக்கு ஞாபகப்படுத்துங்க சார்."

"நல்ல ஆளப் பாத்தீங்க டீச்சர்! நானும்தான தொப்பி மாட்டப்போறேன்?"

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் தொப்பியோடு வந்துவிட்டார்கள்.

மதியம் பசியோடு பையைத் திறந்தவள், மூடியை வாசித்தாள். இன்னொரு தடவையும் வாசித்தாள்.

"சார், யாரோட டிபன் பாக்ஸோ மாறி என் பைக்குள்ள வந்துருக்கு."

ஜோதிராஜ் எட்டிப் பார்த்தார். "உப்பளத்துல சுட்டாங்களா? எந்த ஊர்லயாம்?"

"தெரியலயே."

உள்ளே இருந்த சாதத்தை அவள் தொடவில்லை. வாசலுக்குப் போய் வாட்ச்மேனிடம் கொடுத்தாள்.

"பாவம்ண்ணே, எவளோ அவ அப்பா பேர வெட்டி வச்சிருக்கா. தேடிக்கிட்டு வருவா, குடுத்துருங்க."