கண்ணாடிக் கதவு

பிறவியிலேயே காது கேளாத அமலோற்பவத்தின் பாவங்களை இத்தனை காலமும் அவள் சைகையைப் பார்த்துச் சாமியாரிடம் வாய்விட்டுச் சொன்னவன் அவள் கணவன் தொம்மை. தேவாலயத்துக்குப் புதிதாக வந்த பங்குச்சாமியாருக்குச் சைகை மொழி தெரியும். பாவசங்கீர்த்தன அறையின் இருட்டில் கைகள் தெரியாதென்று மரக்கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டார்.

“இனி நீயே சொல்லலாம்மா” என்று அவர் விரல்கள் சொன்னபோது அவளுக்கு அழுகை வந்தது. முழங்காலிட்டுக் கைகளை உயர்த்தினாள்.

“போலீசுகிட்ட பொய் சொன்னேன் சாமி. கொழுந்தன் பாறையிலருந்து தவறி விழல. என் வீட்டுக்காரர்தான் தள்ளுனாரு. நான் பாத்தேன்.”

சாமியாரின் பார்வை அவளை விட்டு விலகிக் கதவில் நின்றது. அவளும் திரும்பினாள். வெளியே தொம்மை அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தான்.

“முடிஞ்சிட்டா சாமி? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

உதட்டசைவிலேயே அவளுக்குப் புரிந்தது. அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.