விண்கலம் கதைக்கும் வரைக்கும்

காலை ஆறு மணியிலிருந்து விண்கலம் வாய் திறக்கவில்லை. அது எப்போது எந்தப் பக்கம் திரும்பி எதைப் படம் பிடிக்க வேண்டும் என்ற அட்டவணையை நேற்று எழுதி அனுப்பியவள் றொசானாதான். பிழை தன்னுடையதோ என்ற பயத்தில், பள்ளிமுனைக் கடற்கரை வீட்டில் கணினிக்கு முன்னால் கதிரையை விட்டு அவள் எழும்பவேயில்லை.

அம்மா றோஸ்மேரி ஒரு சொல்லும் பேசாமல் தேத்தண்ணியை வைத்துவிட்டு, வாசற்படியில் போய் இருந்து செபமாலை உருட்டினார்.

"பயப்பிடாதேங்கோ அம்மா. துலைஞ்சாலும் அதுக்குள்ள ஆள் ஒருத்தரும் இல்லை."

அம்மா அவளை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்.

பகல் ஒரு மணிக்குத் திரையில் எண்கள் ஓடத் தொடங்கின.

"அம்மா, வந்திட்டுது! தரவெல்லாம் பத்திரமா இருக்கு!" றொசானா துள்ளி எழும்பினாள். "இனிச் செபமாலையை வையுங்கோ."

அம்மா வைக்கவில்லை.

"இப்ப உன்னோட கதைக்கலாமோ பிள்ளை?"

"கதையுங்கோவன்."

"விடிய வரவேண்டிய அப்பான்ர வள்ளம் இன்னும் கரைக்கு வரேல்ல. தேடிப் போன ஆக்களும் வரேல்ல."

"ஐயோ! ஏனம்மா எனக்குச் சொல்லேல்ல?"

"காலமை நீதானே சொன்னனி, அது கதைக்கும் வரைக்கும் ஒருத்தரும் உன்னோட கதைக்க வேண்டாமெண்டு."