யார் பேச்சு எடுபடும்?

"உண்மையைச் சொல்லுங்க. இங்க இருக்கிற பொம்பளைங்க யார் பேச்சைக் கேப்பாங்க?"

ஆய்வாளர் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். எதிரே இருந்தவள் முறைத்தாள். அந்தச் சலவைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் வெடுக்கு. வாய் அப்படி.

ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் விரிப்பு வெளுத்துத் தரும் கூடம் அது. வெளுப்பது, இஸ்திரி போடுவது, மடிப்பது எல்லாம் நாற்பது பெண்கள். ஊருக்கு வெளியே புதுக் கூடம் கட்டி, இந்த வேலை முழுவதையும் தானியங்கி இயந்திரங்களிடம் ஒப்படைக்கத் தலைமை அலுவலகம் திட்டம் போட்டிருந்தது. அதற்கு முன்னால், யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், யார் எதிர்ப்பார்கள், அவர்களில் யார் பேச்சு எடுபடும் என்று ஆராயத்தான் இவரை அனுப்பியிருந்தார்கள். நட்டம் யாருக்கு என்று தெரிந்துகொள்ள ஆள் அனுப்பவே வேண்டாம். நாற்பது வீட்டு அடுப்பைக் கேட்டாலே சொல்லும்.

"ஸ்டேக்ஹோல்டர் அனாலிசிஸ்னு பேரும்மா இதுக்கு. சம்பந்தப்பட்ட எல்லாரையும் கலந்து பேசிட்டுத்தான் திட்டத்தை ஆரம்பிக்கணும்."

"பேசிட்டு நாங்க வேண்டாம்னு சொன்னா ஆரம்பிக்க மாட்டீங்களா?"

ஆய்வாளர் தண்ணீர் குடித்தார்.

"போன தடவை எங்க ஷிப்டைக் குறைக்கிறதுக்கு முன்னாடியும் ஒருத்தர் வந்தாரு சார். இதே கேள்விதான். நாங்களும் வெகுளியா, இஸ்திரி போடற பெரியக்கா சொன்னா கேப்போம்னு சொல்லிட்டோம். மாசம் முடியறதுக்குள்ள அவங்களைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடிச்சீங்க."

"அது எனக்குத் தெரியாதும்மா. நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது."

"தாண்டாதுன்னா எதுக்கு டைப் அடிக்கிறீங்க?"

அவர் விரல்கள் நின்றன. கொஞ்சம் கறாராகவே சொன்னார்: "பேரு சொல்லலைன்னா எல்லாரையும் ஒண்ணா எதிர்ப்புன்னு போட்டுடுவாங்க. அப்புறம் நாளைக்கு யாருக்கும் எந்தச் சலுகையும் கிடைக்காது. யோசிச்சுக்கோங்க."

வெடுக்கு கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். துணி மூட்டைகளுக்கு நடுவே, அவர்களை வேலை வாங்கும் மேஸ்திரி, மடிப்புக்காரி சொல்லும் குறையைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான். பெண்கள் எங்கே கூடினாலும் முன்னால் வந்து உட்காருவார். யார் மனதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தி விடாமல் விசாரிப்பார்.

"மேஸ்திரி," என்றாள்.

"நிச்சயமா?"

"அவரு கண்ணசைச்சாத்தான் இங்க துணி நனையும் சார். வேண்டாம்னு சொன்னா நாற்பது பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிப்போம்."

"எல்லாரும் அவரைத்தான் சொல்றாங்க," என்று முணுமுணுத்தபடி ஆய்வாளர் தட்டினார். எதிர்ப்பு மிக அதிகம், செல்வாக்கு மிக அதிகம் என்ற சிவப்புக் கட்டத்தில் அந்தப் பெயர் போய் உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் மேஸ்திரியே ஓடி வந்தார். "என்ன தங்கச்சி கேட்டாங்க? என் பேரு ஏதாவது அடிபட்டுதா?"

"உங்க பேரு இல்லாமலாண்ணே? உங்களை விட்டா எங்களுக்கு யாரு இருக்கான்னு சொன்னேன்."

மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல். அவர் நகர்ந்ததும் மடிப்புக்காரி மெல்லக் கேட்டாள்: "பிள்ளை குட்டிக்காரரு. மனசு உறுத்தலையாடி?"

"பெரியக்காவும் பிள்ளை குட்டிக்காரிதான்," என்றாள் வெடுக்கு.

அடுத்த மாதமே மேஸ்திரிக்கு மாற்றல் வந்தது, பெரியக்கா போனதையும் தாண்டிய ஒரு மூலைக்கு. அவர் மேனேஜர் அறைக்கும் வாசலுக்குமாக அலைந்து பார்த்தார். தலைமை அலுவலகத்து உத்தரவு அசையவில்லை.

அவர் கிளம்பிய மறுநாள், பெண்கள் துணி காயும் மாடியில் கூடினார்கள். முடிவெடுக்க ரொம்ப நேரமாகவில்லை. புதுக் கூடத்தில் நாற்பது பேருக்கும் வேலை என்று எழுத்தில் வரும்வரை ஒரு தலையணை உறைகூட வெளியே போகாது. வெடுக்கு சலவை இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினாள். வெளுத்த மூட்டைகளை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். பிறகு சத்தமில்லாமல் மேனேஜர் அறைக்குப் போனார்கள். கதவு திறந்தே இருந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு சார் மேஸ்திரியைத் தூக்கினீங்க? அவனா எதிர்ப்புக்குத் தலைவன்? இவளுங்க கூடிப் பேசறதை ஒரு வார்த்தை விடாம இத்தனை வருஷமா எனக்கு வந்து சொல்லிட்டிருந்தவனே அவன்தான் சார். இப்ப இவளுங்க என்ன பண்ணப் போறாளுங்கன்னே எனக்குத் தெரியலை," என்று புலம்பியபடி திரும்பிய மேனேஜர், வாசலை அடைத்துக்கொண்டு நின்ற நாற்பது பேரையும் அப்போதுதான் பார்த்தார்.