காலி நாற்காலிகள்

புதுப் பிள்ளை வகுப்புக்குள் காலெடுத்து வைக்க இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. அதற்குள் மூன்றாம் வகுப்பின் இருபத்து நான்கு வால்களையும் ஒட்ட நறுக்கியாக வேண்டும். மிஸ் வெர்லீனுக்கு அதுதான் கவலை.

நேற்று மாலையே மூன்று தாய்மார்கள் போன் போட்டுவிட்டார்கள். "அந்தப் பிள்ளைய எம் பையன் பக்கத்துல உக்கார வெக்காதீங்க மிஸ். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்க தலையிலதான் விடியும்" என்று டெமாரியஸின் அம்மா பொரிந்து தள்ளினாள்.

நெடுஞ்சாலைக்கு அப்பால் இருந்த தனியார் பள்ளியை இழுத்து மூடிவிட்டதால், வேறு போக்கிடம் இல்லாமல் இங்கே வருகிற பிள்ளை அது. போன வருடமும் இப்படித்தான் வேறு நிறத்துப் பையன் ஒருவன் வந்தான். மூன்று நாள் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து சோள ரொட்டியைக் கொறித்துவிட்டு, நான்காம் நாள் மிசிசிப்பி மாநிலத்தை விட்டே போய்விட்டான். இன்னொரு பிள்ளையையும் அப்படி ஓடவிட மிஸ் வெர்லீனுக்கு மனமில்லை.

ஆகவே, நாற்பது வருடமாகத் தூசி குடித்துக்கொண்டிருந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசைமேல் நிறுத்தினார். படத்தில் ஒரு வகுப்பறை. நடுவே ஒரே ஒரு கறுப்புச் சிறுமி, சுற்றிலும் காலி நாற்காலிகள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளைக்காரத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

"என்ன நடக்குது இங்க? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

ஓவியர் என்ன நினைத்து வரைந்தாரோ, மூன்றாம் வகுப்புக்கு அதைப் பற்றி அக்கறை இல்லை.

"அவளுக்கு அம்மை போட்டிருக்கு மிஸ். ஒட்டிக்கும்னு எல்லாரும் ஓடறாங்க" என்றான் டெமாரியஸ்.

"இல்ல மிஸ், அவ குசு விட்டுட்டா!" என்றது நடுவரிசை.

"மூஞ்சி அப்படியே எங்க அக்கா மாதிரி இருக்கு மிஸ்" என்றாள் கியாண்ட்ரா. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

மிஸ் வெர்லீன் மேசையைத் தட்டினார். "அவ ஒரு தப்பும் பண்ணல. அந்தப் பள்ளிக்கூடத்துலயே அவ நிறத்துல அவ ஒருத்திதான். அதுக்காகவே மத்தவங்க அத்தனை பேரும் எழுந்து போயிட்டாங்க."

சிரிப்பு கொஞ்சம் அடங்கியது.

"அப்புறம் அவங்க எப்ப மிஸ் திரும்பி வந்தாங்க?" என்று கேட்டான் டெமாரியஸ்.

மிஸ் வெர்லீன் சுத்தமாக இருந்த கரும்பலகையை இன்னொரு முறை துடைத்தார். "அது கெடக்கட்டும். இப்ப இங்க ஒரு பிள்ளை வரப்போகுது. நீங்களும் அப்படி எழுந்து போவீங்களா?"

"போனா லீவு உண்டா மிஸ்?"

அதற்குள் கதவு தட்டப்பட்டது.

தலைமையாசிரியரின் பின்னால் ஒட்டிக்கொண்டு அந்தச் சிறுமி வந்தாள். சாப்பாட்டு டப்பாவை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். யாரும் சொல்லாமலே நேராகக் கடைசி வரிசைக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு தனியாக உட்கார்ந்தாள்.

அவளுக்கு முன்னால் இருந்த பிள்ளைகள் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டார்கள். போன வருடக் கதைதான் இந்த வருடமும் என்று தோன்றியபோது மிஸ் வெர்லீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது டெமாரியஸ் எழுந்தான். ஐயோ, இவனா, என்று அவர் பதறுவதற்குள், அவன் தன் நாற்காலியைக் கிறீச் கிறீச்சென்று தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அவளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு வகுப்பைப் பார்த்துக் கத்தினான்:

"ஏய், பயப்படாம வாங்கடா! வெள்ளைக்காரப் பொண்ணுதான், கடிக்கல!"